வட்டத்தில் முதல் பெயர்

நல்லமங்கைபாளையம் மருந்துச் சொசைட்டியின் வாசலில் ஒரு பளிங்குக் கல் நாலு வருஷமாகக் கோணிப்பைக்குள் நின்றுகொண்டிருந்தது. கல்லின் மீது குற்றமில்லை. சொசைட்டிக்கு இடம் கொடுத்தவர் நாச்சிமுத்து. கோழிக்குஞ்சுப் பொரிப்பகம் வைத்திருப்பவர். இன்சுலின் ஊறும் பெரிய எஃகுத் தொட்டியைக் கொடுத்தவர் சென்னியப்பன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளின் முதலாளி. கல் செதுக்கியவன் விவரம் தெரியாமல் ஒரு பேரை மேலேயும் ஒரு பேரைக் கீழேயும் போட்டுவிட்டான். பிறகென்ன, திறப்பு விழா அன்று காலையில் கோணிப்பை வந்தது. மந்திரி அதற்கு முன்னால் நின்று ரிப்பன் வெட்டினார், கோணிப்பையைப் பார்த்துக் கும்பிட்டார், போய்விட்டார்.

மருந்துச் சொசைட்டி என்பது பால் சொசைட்டி மாதிரிதான். அங்கே தூக்குவாளியோடு போய் ஊற்றிவிட்டு வருவார்கள். இங்கே ஐஸ் டப்பாவோடு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். கப்பலில் வரும் மருந்துக்குக் காத்துக் காத்து அலுத்துப்போன அரசாங்கம், தாலுகாவுக்கு ஒரு தொட்டி என்று உத்தரவு போட்டிருந்த காலம் அது. சுற்றுவட்டாரத்தில் முந்நூறு பேருக்கு இன்சுலின் ஊசி இல்லாமல் ஒரு நாள் போகாது. அந்த முந்நூறு பேரும் தெய்வானையை நம்பி இருந்தார்கள்.

தெய்வானை மரபணுப் பொறியியல் படித்தவள். பெரிய நகரத்து ஆய்வகத்தில் பத்து வருஷம் அடுத்தவர்களுடைய கட்டுரைகளுக்கு உழைத்துவிட்டு, தன் கையால் ஒரு காரியம் செய்யலாம் என்று இங்கே வந்தாள். மனிதனின் இன்சுலின் மரபணுவை வெட்டி எடுத்து, ஒரு நல்ல கிருமிக்குள் ஒட்டி, அதை ஊருக்கு உழைக்க வைத்தவள் அவள்தான். கல்லில் அவள் பேர் இல்லை. அதைப்பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. திறக்காததைத் தன் பெருந்தன்மை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் இருதயராஜ். நாற்பத்தைந்து வயது. பதினோரு வயதிலிருந்து ஊசி. ஒவ்வொரு தொகுப்பிலும் முதல் குப்பியிலிருந்து அவரே தன் வயிற்றில் குத்திக்கொள்வார். அதற்கு முன்பே பரிசோதனை இயந்திரம் சான்றிதழ் கொடுத்திருக்கும். ஆனால் இயந்திரத்தை யார் நம்பினார்கள்? மத்தியானம் இருதயராஜ் டீக்கடைக்கு நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் ஜனங்கள் ஐஸ் டப்பாவைத் தூக்கினார்கள்.

தொட்டிக்குத் தினமும் உறை ஊற்ற வேண்டும். தயிருக்கு ஊற்றுகிற மாதிரியேதான்: நேற்றைய தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்து வைத்து, இன்றைய சர்க்கரைக் கரைசலில் ஊற்றினால் கிருமி பெருகிவிடும். ஒவ்வொரு தடவையும் உறைபெட்டியிலிருந்து புது வித்து எடுத்துத் தொடங்கவேண்டும் என்றுதான் விதி. அதற்கு இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் விதியை எல்லாத் தாலுகாவிலும் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தார்கள், சுவரில்.

ஒருநாள் நாச்சிமுத்து வந்தார். சிங்கப்பூரில் படிக்கும் பேத்தி போனில் ஏதோ சொல்லியிருக்கிறாள். கிருமிக்குள் பேர் எழுதலாமாமே, நிஜமா என்று கேட்டார்.

தெய்வானை விளக்கினாள். டி.என்.ஏ. என்பது முறுக்கிவிட்ட நூலேணி மாதிரி. அதன் ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்து கைகோத்தது. மொத்தமே நாலு எழுத்துத்தான். ஏ வந்தால் எதிரே டி, ஜி வந்தால் எதிரே சி. ஏணியை நடுவில் பிளந்துவிட்டால், ஒரு பாதியைப் பார்த்தே மறுபாதியைக் கட்டிவிடலாம். கிருமி அரைமணிக்கு ஒரு தரம் தன்னைப் பிளந்து இப்படித்தான் நகல் எடுத்துக்கொள்கிறது. எது எழுதியிருந்தாலும் எடுக்கும். அர்த்தம் பார்க்காது.

"அப்ப எம்பேரும் அரைமணிக்கு ஒருக்கா ரெண்டாவும்?" என்றார் நாச்சிமுத்து. இருபத்தொரு நாள் அடைகாத்துக் குஞ்சு பார்க்கிற மனிதருக்கு அது பெரிய வேகமாகத் தெரிந்தது. "கல்லு தேயுமுங்க அம்மிணி. கிருமி பெருகுமுங்க. கல்லை அவனே வெச்சுக்கட்டும்."

தேவையில்லாத எழுத்தைச் சுமக்க வைத்தால் கிருமிக்குச் சிரமம் என்று அவள் இழுத்தாள்.

"பேருதானுங்க. அதென்ன பாரமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடம் அவருடையது, முறைத்துக்கொண்டால் சொசைட்டி நடுத்தெருவுக்கு வரும் என்று தனக்குக் காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிக் காரணம். அவளிடம் ஓர் அட்டவணை ஏற்கெனவே தயாராக இருந்தது. எப்போதோ ஓய்வில் போட்டு வைத்தது. டி.என்.ஏ.வின் நாலு எழுத்தை நாலு நாலாக அடுக்கினால் இருநூற்று ஐம்பத்தாறு விதம் வரும். தமிழுக்கு எழுத்து இருநூற்று நாற்பத்தேழு. கச்சிதமாக உட்கார்ந்தது போக ஒன்பது மிச்சம். அதில் ஸ, ஜ, கமா எல்லாம் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பொருத்தத்தை யாரிடமாவது காட்டவேண்டும் என்று அவளுக்கு நாலு வருஷமாக ஆசை.

இரண்டே நாளில் சென்னியப்பன் வந்துவிட்டார். அவர் பேரும் வேண்டும். வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. யார் பேர் முதலில் என்பதுதான்.

தெய்வானை இதற்குத் தயாராகவே இருந்தாள். எழுதப்போகிற டி.என்.ஏ. நீளமான துண்டு அல்ல, பிளாஸ்மிட் என்று ஒரு வட்டம், வளையல் மாதிரி என்றாள். வளையலுக்குத் தலை எது, வால் எது? வட்டத்தில் முதல் ஆள் என்று ஒருவர் கிடையவே கிடையாது. பெரிய மனிதர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் தலையாட்டினார்கள். அன்று மாலை அவள் தனக்குத்தானே காபி கலந்து, கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டுக் குடித்தாள்.

சமாதானம் பதினோரு நாள் தாங்கியது. சென்னியப்பனுக்கு ஒரு மருமகன். உயிரித் தொழில்நுட்பம் படித்துவிட்டு ரிக் லாரிகளுக்கு டீசல் பிடித்துக்கொண்டிருந்தவர், படிப்பு உதவும் நாள் வந்ததென்று மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். வட்டமாக இருந்தாலும் நகல் எடுப்பது ஏதோ ஓர் இடத்தில்தானே தொடங்கவேண்டும்? அந்தத் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் யார் பேர் இருக்கிறதோ அவர் பேர்தான் முதலில் நகலாகும். நாச்சிமுத்து அங்கேதான் இருக்கிறார்.

மறுபடியும் கூட்டம், மறுபடியும் காபி. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நகல் ஓடும்படியான தொடக்கப் புள்ளி ஒன்றை அவள் கண்டுபிடித்துப் பொருத்தினாள். புள்ளிக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், எதிரே கீழே நடுவில் இன்சுலின். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி.

பிறகு பட்டங்கள். நாச்சிமுத்துவின் தாத்தா பேர், அவருடைய பெருமைகள், அப்புறம் கல்விக் காவலர், வாழும் வள்ளல், உயிர் காத்த உத்தமர், கடைசியாக நாச்சிமுத்து. மாதத்துக்கு லட்சம் கறிக்கோழிக் குஞ்சு அனுப்புகிறவருக்கு உயிர் காத்த உத்தமர் பட்டம் யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் சென்னியப்பனின் பட்டம் நீர் காத்த நாயகர். ஊரின் நிலத்தடி நீர் ஆயிரத்து இருநூறு அடிக்குப் போய்ச் சேர்ந்தது அவருடைய ரிக்குகளின் பின்னாலேயே. ஒருவருக்கு உள்ள பட்டம் மற்றவருக்கு இல்லாமல் போவது எப்படி என்று பேச்சு வர, கடைசியில் இருவருக்கும் எல்லாப் பட்டமும், அதே வரிசையில், ஓர் எழுத்து கூடாமல் குறையாமல் என்று முடிவாயிற்று. அந்த வகையில் நாச்சிமுத்து நீரைக் காத்தார், சென்னியப்பன் கோழியின் உயிரைக் காத்தார்.

ஏணிக்கு இரண்டு கால் இருக்கிறதே, ஒரு காலில் ஒருவர் பேரையும் எதிர்க்காலில் மற்றவர் பேரையும் எதிரெதிர்த் திசையில் எழுதலாமா என்று தெய்வானை கேட்டுப் பார்த்தாள். கேட்டதற்குக் காரணம் இருந்தது; ஒரே எழுத்துக்கோவை ஒரே திசையில் இரண்டு இடத்தில் வருவது அவ்வளவு நல்லதில்லை என்று எங்கோ படித்தது மனதில் முணுமுணுத்தது.

"அப்ப ஒருத்தன் தலைகீழா நிக்கோணும். அது நான் இல்லீங்க," என்றார் சென்னியப்பன். நாச்சிமுத்துவும் அதையே சொன்னார். இருவரும் ஒரே கருத்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆக, ஒரே திசையில் எழுதினாள். ஒரு மனிதனை உயிரோடு வைத்திருக்கும் இன்சுலினுக்கு வேண்டியது முந்நூறு எழுத்துக்குள். இரண்டு மனிதர்களின் கீர்த்திக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. எழுத்தட்டவணையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள், உறை விதிக்குப் பக்கத்தில். ஆண்டு விழாவில் கலெக்டர் முன்னிலையில் தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, பேர்களை வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் மருந்து குறைந்தது. மின்சாரம் விட்டு விட்டு வருகிறது என்றாள். இன்னும் குறைந்தது. சர்க்கரைக் கரைசல் சரியில்லை என்று ஆலைக்குக் கடிதம் எழுதினாள். கிருமி என்னவோ முன்னைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்தது. தொட்டி நுரைத்துத் தளும்பியது. மருந்துதான் இல்லை. வாரத்துக்கு இரண்டு குப்பி வாங்கிப்போனவர்களுக்கு ஒன்றரை, பிறகு ஒன்று. பட்டியலை இருதயராஜ்தான் வைத்திருந்தார். யாரையும் திருப்பி அனுப்பாமல் எப்படியோ சமாளித்தார். எப்படி என்று அவள் கேட்கவில்லை. பேர்கள்தான் காரணமோ என்று ஒரு எண்ணம் வந்து வந்து போனது. தன் வேலையில் பிழை இருக்காது என்று அதை வெளியே அனுப்பிவைத்தாள். வட்டமும், இருவழித் தொடக்கப் புள்ளியும், நாலெழுத்து அட்டவணையும் அவ்வளவு அழகாக இருந்தன.

ஒரு வியாழக்கிழமை காலையில் தொட்டிக்குப் பக்கத்தில் இருதயராஜ் சரிந்து உட்கார்ந்தார். மூச்சு வேகமாக வாங்கியது. அதில் கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாசனை அடித்தது. இன்சுலின் போதாத உடம்பின் வாசனை அது என்று அவளுக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரி ஆம்புலன்ஸில் அவர் மனைவி ஸ்டெல்லாவும் வந்தாள். இறங்கும்போதுதான் சொன்னாள். மூன்று வாரமாகப் பாதி ஊசிதான் போட்டுக்கொள்கிறார். மிச்சப் பாதி பட்டியலுக்கு.

"எனக்கே நேத்துத்தாங்க தெரியும்," என்றாள் ஸ்டெல்லா. "கேட்டதுக்கு, தொட்டி நம்ம பொறுப்பு, கொறஞ்சா நம்ம பங்குதான் மொதல்ல கொறையோணும்கறாரு. தொட்டி இவரு பொறுப்பாங்க மேடம்?"

தெய்வானை அந்தக் கேள்வியோடு சொசைட்டிக்குத் திரும்பினாள். தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து எழுத்து வாசிக்கும் இயந்திரத்தில் வைத்தாள். ஆண்டு விழாவுக்கு என்று ஒதுக்கியிருந்த வாசிப்பு அது. சாயங்காலத்துக்குள் தாள் வெளியே வந்தது. அவள் நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து படித்தாள்.

மறுநாள் மத்தியானம் இருதயராஜ் தெளிந்து, தலையணையில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அவருடைய ஓ.பி. சீட்டையே நீளமாகக் கிழித்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையம் செய்தாள்.

"இதுதான் நம்ம வட்டம். இங்க நாச்சிமுத்து. இங்க சென்னியப்பன். நடுவுல மருந்து. சரிங்களா? ரெண்டு பேருக்கும் ஒரே பட்டம், ஒரே வரிசை, ஒரே திசை. கிருமிக்கு வெட்டி ஒட்டுற பழக்கம் உண்டுங்கண்ணா. ஒரே மாதிரி ரெண்டு இடம் கண்டா, ரெண்டும் ஒண்ணுதானேன்னு சேர்த்து ஒட்டிடும்." அவள் வளையத்தின் இரண்டு பக்கத்தையும் கிள்ளிச் சேர்த்தாள். நடுவில் இருந்த துண்டு தனி வளையமாகத் தொங்கியது. "இந்தத் துண்டு கழண்டு போயிடும்."

"மருந்து."

"மருந்துதான். மருந்து செய்யறதும் கிருமிக்கு ஒரு சுமைதானே. அது போனதும் இன்னும் சுறுசுறுப்பா வளரும். நாம தினமும் உறை எடுத்து ஊத்தினதுல, வேலை செய்யாததுதான் பெருகிப் பெருகித் தொட்டி முழுக்க வந்துருச்சு."

இருதயராஜ் அந்தச் சின்ன வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத் தொட்டியில என்னதாங்க இருக்குது?"

"பட்டம் இருக்குது. கல்விக் காவலர், வாழும் வள்ளல் எல்லாம் ஒரு எழுத்துக் கெடாம இருக்குது. முன்னால நாச்சிமுத்து ஐயாவோட தாத்தா. பின்னால சென்னியப்பன்."

அவர் யோசித்தார். "அப்பச் சென்னியப்பரு, நாச்சிமுத்து தாத்தனுக்குப் பேரனாயிட்டாரு."

"ஆமா."

"பங்காளிங்களாக்கிருச்சு," என்றார் இருதயராஜ். சிரிக்க ஆரம்பித்து, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாய் ஆட, நர்ஸ் வந்து அதட்டினாள். தெய்வானையும் சிரித்தாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா…" என்று தொடங்கினாள். அவர் இட்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, தக்காளிச் சட்னி நல்லாயிருக்குது, ஒரு வாய் சாப்பிடுங்க என்றார்.

பக்கத்துத் தாலுகா சொசைட்டி நாலு நாளைக்கு மருந்து கைமாற்றுக் கொடுத்தது. அவள் தொட்டியைக் கொதிக்கவைத்துக் கவிழ்த்தாள். பட்டங்கள் நுரையோடு சாக்கடைக்குப் போயின. பிறகு, கொடையாளர்கள் வீட்டுக்குத் தனியாகவே போனாள். இடத்தைப் பிடுங்கினால் பிடுங்கட்டும், தொட்டியைத் தூக்கிப்போனால் போகட்டும், மறைப்பதில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

நாச்சிமுத்து முழுவதும் கேட்டார். இருதயராஜ் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நாட்டுக்கோழி முட்டை ஒரு தட்டு கொடுத்தனுப்பச் சொன்னார். கொஞ்ச நேரம் விரல் மோதிரத்தைத் திருகினார்.

"எம்பேரு போச்சு."

"போச்சுங்க ஐயா. இனி எழுத மாட்டேனுங்க."

"அவன்பேரு?"

"அதுவும்தானுங்க."

நாச்சிமுத்துவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்பச் சரி விடுங்க அம்மிணி," என்றார். "முட்டை எடுத்துக்கிட்டீங்களா?"

சென்னியப்பன் வீட்டில் முட்டை இல்லை, இளநீர் கொடுத்தார்கள். மற்றபடி பேச்சு அதேதான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வீரம் அவளிடமே மிஞ்சிவிட்டது.

நாலாம் நாள் இருதயராஜ் வேலைக்கு வந்தார், வரவேண்டாம் என்று சொன்னதையும் மீறி. உறைபெட்டியின் அடியிலிருந்து முதல் வருஷத்து வித்துக் குப்பி ஒன்றை அவள் எடுத்து வைத்திருந்தாள். பேர்கள் வருவதற்கு முன்னால் செய்தது. இனி வாரம் தவறாமல் இதிலிருந்துதான் தொடங்குவது என்று முடிவு. எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் வாசிக்கப் போட்டிருந்தாள். தாள் மேஜைமேல் கிடந்தது.

"இது சுத்தமான வித்துங்கண்ணா," என்றாள். "இன்சுலினைத் தவிர ஒரு எழுத்து அதிகம் கிடையாது."

இருதயராஜ் தாளைப் பார்த்தார். சுவர் அட்டவணையைப் பார்த்தார். தொட்டியடியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிற மனிதர். அட்டவணை மாட்டிய மூன்றாம் நாளே அவருக்கு அது மனப்பாடம். தாளின் கடைசிக்கு முந்தைய வரியில் விரல் வைத்தார்.

"இந்தப் பதினாறு எழுத்துங்க மேடம்?"

அவள் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாலு நாலாகப் பதினாறு. தெ, ய், வா, னை. நாலு வருஷத்துக்கு முன்னால், கல்லில் யார் பேர் மேலே என்று வாசலில் சண்டை நடந்துகொண்டிருந்த நாளில், உள்ளே உட்கார்ந்து எழுதியது. அட்டவணை அதற்காகப் போட்டதுதான்.

"அது லேபுக் குறி," என்றாள்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க. மொத வருஷம் வித்தை வாசிச்ச பழைய தாளு தொட்டிச் செவுத்துல ஒட்டியிருக்குதுல்ல, பொழுது போகாம எழுத்துக்கூட்டிப் பாத்தேன்." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. "உபயம்னு பேரு போடாத டியூப்லைட்டு எந்தக் கோயில்லங்க இருக்குது? நீங்க செஞ்ச வித்து. இருந்துட்டுப் போவுது."

"பதினாறே எழுத்துங்கண்ணா. அதென்ன பாரமா?" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவள் காதில் விழுந்தது.

வெட்டிவிடலாம். கத்தரி நொதி உறைபெட்டியில் இருக்கிறது, ஒட்டும் நொதி பக்கத்திலேயே. வெட்டி, ஒட்டி, புது வித்து வளர்த்து, சரிபார்க்க இரண்டு நாள்.

"ரெண்டு நாள் தள்ளித் தொடங்கினா தாங்குமாண்ணா?"

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் குளிர்பெட்டிக் கதவைத் திறந்து பிடித்தார். மேல் தட்டில் பக்கத்துத் தாலுகாவின் கடைசிப் பதினோரு குப்பி. கீழ்த் தட்டில் ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே கோணிப்பை நிழலில் ஐஸ் டப்பாக்களோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். எடுத்துவிடலாமுங்க என்றார் அவர்.

வித்தைக் கரைசலில் ஊற்றி, மூடியைத் திருகினாள். தொட்டி முனக ஆரம்பித்தது. இருதயராஜ் டீ வாங்கிவரப் போனார். கடையில் கூட்டம், நலம் விசாரிக்கிறவர்கள் வேறு, திரும்பிவர அரைமணி ஆயிற்று. அதற்குள் அவள் பெயர் இரட்டித்திருந்தது.